தர்மபுரியில் ஐந்து நாள்: சாவி யாரிடம், குடிநீர் எந்தக் குழாயில்

முதல் நாள், வியாழன்

"தங்குமிடம் வளாகத்திலேயே ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது." அழைப்புக் கடிதத்தில் இந்த ஒரு வரிதான் இருந்தது. நடுகற்கள், அதாவது மாண்ட வீரர்களுக்கு எடுத்த நினைவுக் கற்கள் பற்றி ஐந்து நாள் பயிலரங்கு. ஒரு நாள் நான் பேச வேண்டும், மீதி நாள் மற்றவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். நேற்று ராத்திரி மாட்டுத்தாவணியில் பெங்களூரு பஸ் ஏறினேன்.

தொப்பூர் கணவாயில் வண்டி முக்கி முனகி ஏறும்போதே விழிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் விளக்கைப் போட்டு "தர்மபுரியெல்லாம் எந்திரிங்க" என்றார். இறங்கிப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டைக் காணோம். பைபாஸ் பாலம், ஒரு டீக்கடை, இரண்டு நாய். மணி நாலு. "ஊருக்குள்ள போகாதுன்னு டிக்கெட் குடுக்கும்போதே சொன்னேனேம்மா" என்றார் கண்டக்டர். சொல்லியிருப்பார். எனக்குத்தான் காதில் விழவில்லை.

பெங்களூரு வண்டியில் வருகிறவர்கள் ஏறும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் போகும் பஸ் வேண்டுமென்றால் சேலத்தில் மாறிவிடுவது நல்லது. சென்னைக்காரர்கள் மொரப்பூரில் ரயில் இறங்கி பஸ் பிடிக்கலாம். கிருஷ்ணகிரி போகிறவர்கள் ரயிலைத் தேடவே வேண்டாம், அந்த ஊரில் ஸ்டேஷன் கிடையாது.

ஆட்டோ பிடித்து வளாகத்துக்கு வந்தால் கேட் பூட்டியிருந்தது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததும் காவலர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டே வந்து, கடிதத்தை டார்ச் வெளிச்சத்தில் மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"லெட்டரெல்லாம் சரிதாங்க மேடம். ரூம் சாவி எங்கிட்ட இல்லீங்களே."

"யார்கிட்ட இருக்கு?"

"கெஸ்ட் ஹவுஸ் பாக்கற அண்ணங்கிட்டங்க. எட்டரைக்கு வருவாரு."

ஒருங்கிணைப்பாளருக்கு போன் அடித்தேன், சுவிட்ச் ஆஃப். அவரையும் குறை சொல்ல முடியாது, நாலரை மணிக்கு யார் போனை முழிக்க வைத்திருப்பார்கள்? காவலர் தன் பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். மார்கழி. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 450 மீட்டருக்கு மேல். மதுரைக்காரிக்கு அந்தக் குளிர் விளையாட்டல்ல. சற்றைக்கெல்லாம் பக்கத்து ஊர்க் கோயிலில் ஒலிபெருக்கி தொடங்கியது. நானும் காவலரும் எட்டரை வரை பிள்ளைகுட்டி கதையெல்லாம் பேசி முடித்தோம்.

வளாக விடுதிக்கு வருகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒருங்கிணைப்பாளர் எண்ணை அல்ல, சாவி வைத்திருப்பவர் எண்ணை. ஓட்டலில் ராத்திரி முழுக்க வரவேற்பில் ஆள் இருப்பார். இங்கே வரவேற்பு என்பது ஒருவருடைய சட்டைப்பை. "விடியற்காலை இத்தனை மணிக்கு வருகிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் சாவி கேட்டுக்கு வந்துவிடுமாம். அந்த அண்ணனே சொன்னார், கொஞ்சம் கோபமாகத்தான்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்துட்டுப் போயிருப்பேனே மேடம்."

அறையைப் பற்றி. இரண்டு கட்டில், ஒரு மேசை, பீரோ. துவைத்து மடித்த விரிப்பு உண்டு, போர்வை கிடையாது. பக்கெட் ஒன்று, கைப்பிடி போன மக் ஒன்று. கொசுவலை அடித்த ஜன்னலில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, அதை அடைக்கச் சுருட்டிச் செருகிய பழைய வினாத்தாள். உருவிப் பார்த்தேன், இயற்பியல், இரண்டாம் பருவம். திரும்பச் செருகிவிட்டேன். பிளக் பாயின்ட் ஒன்று பீரோவுக்குப் பின்னால், இன்னொன்று கதவுக்கு மேலே. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்தது என் புத்திசாலித்தனம் இல்லை, என் மகள் பையில் திணித்தது.

கீசரில் சிவப்பு விளக்கு எரியவில்லை, பழுது என்று நினைத்துப் பச்சைத் தண்ணீரில் குளித்துத் தொலைத்தேன். அதன் சுவிட்ச் அறைக்கு வெளியே, வராந்தாவில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பது சாயந்திரம்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்று நான் பேசிய நாள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, புரொஜக்டர் ஒத்துழைத்தது. எழுத வேண்டியது தண்ணீரைப் பற்றி.

காலையில் அறை வாஷ்பேசின் குழாயில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வராந்தா கூட்டிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஐயோ மேடம், அது போர் தண்ணிங்க! ஊத்துங்க, ஊத்துங்க. குடிக்கறதுக்கு ஒகேனக்கல் தண்ணி மாடிப்படிக்குக் கீழ இருக்குது. நீலக் குழாயி."

"யாரும் சொல்லலியேக்கா."

"இத யாரு சொல்லுவாங்க?" என்று சிரித்தார். அப்போதுதான் கவனித்தேன். முன்பற்களில் குறுக்காகக் காவிக் கோடு, ஓரங்களில் சின்னச் சின்னக் குழி. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். முந்தானை வாய்க்கு வந்துவிட்டது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவரே பிறகு சொன்னார்: "எங்க ஊர்ல எங்க வயசுக்காரங்க எல்லாருக்கும் இப்படித்தாங்க. எங்க சின்னவன் அஞ்சாவது படிக்கிறான், அவனுக்குப் பல்லு அரிசியாட்டம் இருக்குது."

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. வேறு நீரே கிடைக்காத இடத்தில்கூட லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013இல் திறந்தார்கள். அந்தச் சின்னவன் அதற்குப் பிறகு பிறந்தவன்.

நீலக் குழாயில் தண்ணீர் காலையில்தான் வேகமாக வருகிறது. எட்டு மணிக்குள் இரண்டு பாட்டில் பிடித்து வைத்துக்கொண்டால் நாளுக்குப் போதும். போர் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது குளிக்கும்போதே தெரிந்துவிடுகிறது: சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. சந்தேகமிருந்தால் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

மெஸ் பற்றி நாளை. தூக்கம் வருகிறது, ஒலிபெருக்கிக்காரர் நாலரைக்கு எழுந்துவிடுவார்.

மூன்றாம் நாள், சனி

நேற்று எழுதியதில் இரண்டு தவறு. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த வேதியியல் ஆசிரியரிடம் என் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னேன். அவர் ரசம் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் திருத்தினார்.

சோப்பு நுரைக்காதது தண்ணீரின் கடினத்தன்மையால். கால்சியமும் மக்னீசியமும் செய்கிற வேலை அது. ஃப்ளோரைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, நாக்குக்கும் பிடிபடாது. ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். இரண்டாவது தவறுதான் மோசம். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத்தில் அதன் அளவு கூடும். கிருமிக்குச் சொல்கிற வைத்தியத்தை உப்புக்குச் சொல்லிவிட்டேன். சாதாரண மெழுகுவத்தி ஃபில்டரும் இதற்கு உதவாது, ஆர்.ஓ. உதவும்.

"அப்ப முதல் நாள் ரெண்டு பாட்டில் குடிச்சேனே சார்?"

"பல்லு முளைக்கறதுக்கு முன்னாடி, உள்ளுக்குள்ள உருவாகற வயசுலதான் மேடம் அது பல்லைப் பிடிக்கும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வருஷக்கணக்கா குடிச்சா எலும்பைப் பிடிக்கும், அது வேற. அஞ்சு நாள் விருந்தாளி பயப்பட வேண்டாம். அதுக்காகக் குடிக்கவும் வேண்டாம்."

பயம் போனது, மானம் கொஞ்சம் போனது.

காலையில் களப்பயணம். இந்தப் பக்கத்தில் நடுகல் பல இடங்களில் வேடியப்பனாக நிற்கிறது. ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரனுக்கு எடுத்த கல். எழுத்து தேய்ந்துபோன பிறகும் ஊரார் எண்ணெய் சாத்தி, பொட்டு வைத்து, சாமியாகக் கும்பிடுகிறார்கள். நாங்கள் பார்த்த ஒரு கல்லில் வீரனின் காலடியில் மாடு இருப்பது மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் அடியில் விரலால் தடவினால்தான் தெரிகிறது. தடவுமுன் பூசாரியிடம் கேட்டோம். செருப்பைக் கழற்றச் சொன்னார், அவ்வளவுதான். பழைய ஆய்வுக் கட்டுரைகளோடு வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, 1965க்கு முன் இதெல்லாமே சேலம். கட்டுரையில் 'தர்மபுரி மாவட்டம்' என்று இருக்கும் கல் இன்று கிருஷ்ணகிரியில் நிற்கும். ஊர் தேடுமுன் ஆண்டைப் பாருங்கள்.

மெஸ். மாணவியர் விடுதி மெஸ்ஸில்தான் விருந்தினருக்கும் சாப்பாடு. காலை ஏழரை முதல் எட்டே முக்கால், மதியம் பன்னிரண்டரை, இரவு ஏழு. முந்தின நாள் சாயந்திரமே நோட்டில் பெயர் எழுதினால்தான் மறுநாள் இலை. நான் முதல் நாள் எழுதவில்லை, அதனால் சட்னி வரவில்லை, இட்லி வந்தது. இன்று மதியம் சமையல்கார அக்கா ரகசியமாக ஒரு தட்டை நீட்டினார். மாணவிகளுக்குச் செய்ததில்லை, அவர்கள் தங்களுக்குச் செய்துகொண்டது: கேழ்வரகுக் களி உருண்டை, மொச்சைக்கொட்டைக் குழம்பு. பனிக்காலத்து மொச்சை. எனக்குக் களி சாப்பிடத் தெரியவில்லை. சோறு மாதிரி பிசைந்தேன்.

"மெல்லக் கூடாதுங்க. கிள்ளி, குழம்புல பொரட்டி, முழுங்கணும்."

முழுங்கினேன். தொண்டையில் சூடாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. மாலை ஆறு வரை பசியில்லை. முதல் நாள் மெஸ்ஸில் வந்த பூரிக்கிழங்கை இதோடு பேச்சுக்குக்கூட ஒப்பிட முடியாது.

பக்கத்து அறையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆய்வுக்காக வந்த ஒரு பெண் இருக்கிறார். சாயந்திரம் மாடிப்படியில் பேசிக்கொண்டிருந்தோம். "நான் முந்தநாள் வந்தனான் அக்கா. பாஸ்போர்ட் கொப்பி குடுத்தனான். பிறகு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டவரைத் தங்க வைத்தால், சி படிவம் என்று எல்லோரும் சொல்லும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டியது தங்க வைத்தவர் பொறுப்பு. அலுவலகத்தில் போய்க் கேட்டால், "அது ஓட்டலுக்குத்தானே மேடம்?" என்கிறார்கள். ஓட்டலுக்கு மட்டுமில்லை, விருந்தினர் இல்லம், விடுதி, வீடு எல்லாவற்றுக்கும்தான். அரைமணி நேரம் தேடி, கடவுச்சொல் தெரிந்த ஒருவரைப் பிடித்து, ஏற்றி முடித்தார்கள். தாமதம்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டு நகல், விசா நகல், ஒரு புகைப்படம் மூன்றையும் வந்த அன்றே கொடுத்து, ஏற்றியாயிற்றா என்று கேட்டு, அச்சுப்படி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஆதார் நகல் போதும். பதிவேட்டில் கையெழுத்து, போன் எண், வருகிற நேரம், போகிற நேரம்.

நான்காம் நாள், ஞாயிறு

மதியத்துக்கு மேல் பயிலரங்கு இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணும் நானும் ஒகேனக்கல் கிளம்பினோம்.

வளாகத்து வாசலில் டவுன் பஸ். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, கண்டக்டர் பூஜ்யம் ரூபாய் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அந்தப் பெண் அதை மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர், அதற்கு டிக்கெட் உண்டு. பஸ் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார் அவர். "ஏனக்கா எல்லா ஊரும் அள்ளி, அள்ளி எண்டு முடியுது?" கன்னடத்து 'ஹள்ளி' என்றேன். பின் சீட்டில் இருவர் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் மட்டும் தமிழில் கேட்டார்கள்.

பென்னாகரம் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து காட்டுக்குள் இறங்குகிறது. காது அடைத்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது: ஆறு அவ்வளவு கீழே இருக்கிறது, ஊர் அவ்வளவு மேலே இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே நீலக் குழாயில் நான் அலட்சியமாகப் பிடிக்கும் தண்ணீரை இந்த மேடு முழுக்கப் பம்பு வைத்து ஏற்றியிருக்கிறார்கள். பல் துலக்க இரண்டு சொம்பு அதிலேயே எடுத்தேன், நேற்று.

ஒகேனக்கல்லைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் விட்டுவிடுகிறேன். போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடும். கர்நாடகத்தில் மழை என்றால் கிளம்புமுன் விசாரியுங்கள், அங்கே போய் அருவியைத் தூரத்திலிருந்து பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். இன்னொன்று, கையில் எதையும் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். என் நிலக்கடலைப் பொட்டலத்தை ஒரு குரங்கு வாங்கிக்கொண்டது. பிடுங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு நிதானம். மீன் வறுவல் நன்றாக இருந்தது. அதனால்தான் தாமதமும் ஆனது.

வளாகத்துக்கு வரும் கடைசி டவுன் பஸ் எட்டு நாற்பது. பிடித்துவிட்டோம். ஆனால் இறங்கும்போது ஒன்பது பத்து, கேட் பூட்டு ஒன்பதுக்கு. காவலர் அண்ணன் சாவிக்கொத்தோடு வந்து என்னைப் பார்த்ததும், "உங்களுக்கு இந்த கேட்டே ராசி இல்லீங்க மேடம்" என்றார். தாமதமாக வருவதானால் பதிவேட்டில் முன்பே எழுதிவிட்டுப் போக வேண்டுமாம். எழுதினால் எத்தனை மணிக்கும் திறப்பார்.

அறைக்கு வந்த பிறகு தெரிந்தது: ஞாயிறு மதியம் கோழி என்பதால் இரவு மெஸ் கிடையாது. வயிற்றில் மீன் இருந்ததால் பிழைத்தோம். பையில் இருந்த இரண்டு வாழைப்பழத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

ஐந்தாம் நாள், திங்கள்

நிறைவு விழா, சான்றிதழ், குழுப் புகைப்படம். அதெல்லாம் பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. அறை வாடகை ரசீதுக்கு மூன்று மணி ஆனது.

இதை மட்டும் முதல் நாளே தொடங்குங்கள். வாடகையைக் கையில் வாங்க மாட்டார்கள், கியூ.ஆர். அட்டையும் இல்லை. அலுவலகத்தில் சலான் எழுதி, வளாகத்துக்குள்ளேயே இருக்கும் வங்கிக் கிளையில் கட்டி, நகலைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் முத்திரை வைத்த ரசீது. வங்கியில் மதிய உணவு இடைவேளை, முத்திரை வைக்கிறவருக்கு வேறொரு இடைவேளை. ரசீதில் பெயர், தேதிகள், அறை எண் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். என் பெயரில் ஒரு எழுத்து தவறு, மறுபடி வரிசை. ரசீது இல்லாவிட்டால் சொந்தக் கல்லூரியில் பயணப்படி எழுத முடியாது. அந்தப் பூஜ்யம் ரூபாய் டிக்கெட்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன், எங்கள் கணக்குப் பிரிவு அதற்கு என்ன கேள்வி கேட்கும் என்று பார்க்க ஆசை.

காத்திருந்த நேரத்தில் ஒரு வேலை செய்தேன். பயிலரங்குக் கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'இது போர் தண்ணீர். குடிக்க வேண்டாம். குடிநீர்: மாடிப்படிக்குக் கீழே, நீலக் குழாய்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வாஷ்பேசினுக்கு மேலே ஒட்டினேன். சாவி வாங்க வந்த விடுதி அண்ணன் அதைப் படித்தார்.

"இதையெல்லாம் எழுதி வெக்கணுங்களா மேடம்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியலியேண்ணா."

யோசித்தார். போய்விட்டார் என்று நினைத்துப் பையை மூடும்போது, காவலரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கையில் நாலு வெள்ளைத்தாள்.

"கையெழுத்து நல்லா இருக்குது மேடம். பஸ்ஸுக்கு நேரம் இருக்குங்களா? அந்த கீசர் சுவிட்ச் ஒண்ணு, மெஸ் நோட்டு ஒண்ணு."

"ஒம்பது மணிக்கு கேட் சாத்தறதுங்க," என்றார் காவலர். "அதப் பெருசா எழுதிடுங்க."

மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன். நாலாவது தாளில், நானே கேட்டு, விடுதி அண்ணனின் போன் எண்ணை எழுதினேன். அதை எங்கே ஒட்டுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அறைக் கதவில் என்றார் அண்ணன். கேட்டில், வெளிப்பக்கமா ஒட்டணும் என்றார் காவலர். நான் கிளம்பும்போதும் பேச்சு முடியவில்லை.